இன்றிரவுக்கு, ஓர் ஆளுக்கு

சார்லா சந்தையில் என் முட்டைக் கடைக்கு வலப்பக்கம் யொலாந்தின் சீஸ் கடை. இருபத்தாறு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறோம். கட்டிய புருஷனோடுகூட நான் அவ்வளவு வருஷம் நின்றதில்லை. புதனும் சனியும் காலை ஆறு மணிக்கு வேனை நிறுத்தி, மேசையை விரித்து, ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டுதான் நாளையே தொடங்குவோம். ஆகவே அவளைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் இந்த ஊரில் கிடையாது. அவளுக்கே அந்தத் தகுதி இல்லை. தன்னைப் பற்றிக் கேட்டால் அவள் சீஸைப் பற்றித்தான் பேசுவாள்.

ஆள் குள்ளம். மணிக்கட்டு மட்டும் ஆம்பிளை மணிக்கட்டு. நரைத்த தலைமுடியைத் தானே கத்தரித்துக்கொள்வாள், அது பார்த்தாலே தெரியும். அவளுடைய வியாபாரம் முழுக்க இரண்டு கேள்வியில் அடங்கிவிடும். எப்போது சாப்பிடப் போகிறீர்கள்? எத்தனை பேர்? இன்று மதியத்துக்கு என்றால் ஒரு கட்டி, ஞாயிற்றுக்கிழமைக்கு என்றால் வேறு கட்டி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவள் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், பதம் தெரிந்துவிடும். அவள் சொன்ன வேளைக்குச் சாப்பிட்டால் அமிர்தம். நாலு மணி நேரம் தள்ளிப்போட்டால் அது உங்கள் தலையெழுத்து. வாங்குகிறவர்கள் யாரும் சீஸைத் தொடக் கூடாது. தொட்டால் தொலைந்தார்கள்.

அந்த இரண்டு கேள்விக்கு வரும் பதிலை வைத்தே ஊர் நிலவரம் முழுவதும் அவளுக்குத் தெரியும். எப்போதும் நாலு பேர் என்கிற, பத்திரம் பதியும் நோட்டரியின் மனைவி ஒரு சனிக்கிழமை இரண்டு பேர் என்றாள். மூன்று மாதம் கழித்துத்தான் விவாகரத்து என்று ஊர் பேசியது. மருந்துக்கடைக்காரர் ஒருநாள் "ஆறு பேர்" என்று சொல்லிவிட்டுச் சந்தை நடுவில் நின்று சிரித்தார், கோபித்துக்கொண்டு போன மகன் பிள்ளைகுட்டியோடு திரும்பி வந்திருந்தான். யொலாந்த் ஒன்றும் கேட்க மாட்டாள். அதற்கேற்ற சீஸை எடுத்துத் தாளில் சுற்றிக் கொடுப்பாள். நானாக இருந்தால் வாய் சும்மா இருக்காது.

அவளுடைய சொந்தக் கதை சின்னது. ஒரு லாரி ஓட்டுநரைக் கட்டினாள். மூன்றாம் வருஷம் அவன் ஒரு முடிதிருத்தும் பெண்ணோடு துலூசுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவை ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டாள். அவரும் போனார். விடுமுறை என்று எங்கும் போனதே இல்லை. உலகமே விடுமுறைக்கு எங்கள் ஊருக்கு வந்து, பழைய கல் வீடுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்போது நாங்கள் எங்கே போவது?

அப்படி அண்ணாந்து பார்க்க வந்தவர்களில் ஒருவர்தான் அர்மான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆகஸ்ட் சனிக்கிழமை. நெடுநெடுவென்று ஓர் ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வந்தவர் நேராகக் கையை நீட்டி யொலாந்தின் ஆட்டுப்பால் சீஸ் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தினார். பளாரென்று ஓர் அடி. கன்னத்தில் இல்லை, கையில்தான். ஆனாலும் சந்தையே திரும்பிப் பார்த்தது.

"கைய எடுங்க முசியே. இது என் கடை."

"மன்னிக்கணும் மதாம். நான் சமையல்காரன். பழக்க தோஷம்."

"சமையல்காரரா இருந்தா உங்க ஊர்ல உங்க சட்டிய அழுத்திப் பாருங்க. இங்க வாயால சொன்னாப் போதும். எப்போ சாப்பிடப் போறீங்க?"

"இன்னைக்கு ராத்திரி."

"எத்தனை பேர்?"

"ஒருத்தர்."

தன்னை நம்ப மாட்டாளோ என்று சட்டைப் பையிலிருந்து உணவக அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். வடக்கே பர்கண்டிச் சீமையில் செமூர் என்கிற ஊர். ஒன்பது மேசை போட்ட சின்ன உணவகம். ஆகஸ்டில் இரண்டு வாரம் அதைப் பூட்டிவிட்டு ஊர் ஊராகப் போய் அடுத்தவர் சமைத்ததைச் சாப்பிடுவதுதான் அவருடைய விடுமுறை. யொலாந்த் அட்டையை வாங்கித் தராசுக்கு அடியில் செருகினாள். மழையானாலும் வெயிலானாலும் அது அங்கேயே கிடந்தது.

மறு ஆகஸ்டும் வந்தார். அதற்கடுத்த ஆகஸ்டும். பகலில் மலைமேல் கோட்டை, ஆற்றங்கரை ஊர், எங்கே வேண்டுமானாலும் சுற்றுவார். புதனும் சனியும் யொலாந்த் கடை முன்னால் ஆஜர். "இன்னைக்கு ராத்திரிக்கு, ஓர் ஆளுக்கு." பதினோரு வருஷம் அதே பதில். நடுவில் கொஞ்சம் பேச்சு வளர்ந்தது. எந்த உணவகத்தில் வாத்துக்கால் காய்ந்துபோயிருந்தது, எந்த ஊர்ச் சந்தையில் காளான் நன்றாக இருந்தது என்று அவர் சொல்லுவார். வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள், அவள் காதில் வாங்க மாட்டாள். ஜூலைக் கடைசியில் அவள் தலைமுடியைக் கத்தரிக்கக் காசு கொடுத்துக் கடைக்குப் போவாள். நான் கேட்டால் "வெயில்டி" என்பாள். பதினோரு வருஷத்தில் ஒரு காப்பி சேர்ந்து குடித்ததில்லை. நீங்க, வாங்க, முசியே, மதாம். எனக்கு எரிச்சலாக வரும். இரண்டும் கிழடு தட்டிய பிறகுதான் வாயைத் திறக்குமோ என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

பன்னிரண்டாவது ஆகஸ்டில் அர்மான் வரவில்லை.

முதல் புதன்கிழமை அவள் ஒரு சீஸைப் பதம் பார்த்துச் சுற்றி மேசைக்கு அடியில் வைத்ததைப் பார்த்தேன். சனிக்கிழமை இன்னொன்று. அந்த மாதம் முழுக்க வைத்தாள். கடை கட்டும்போது அதை எடுத்து என் கையில் திணிப்பாள். "நீ தின்னுடி, எனக்கு வயிறு சரியில்ல." நான் தின்றேன். அந்த மாதிரி சீஸை என் வாழ்க்கையில் தின்றதில்லை. தின்னும்போது கண்ணீர் வந்தது, அவ்வளவு ருசி, அவ்வளவு கோபம்.

"போன் பண்ணேன்டி. அட்டைலதான் நம்பர் இருக்கே."

"பண்ணி என்ன கேக்கறது? ஏன் முசியே இந்த வருஷம் சீஸ் வாங்க வரலேன்னா? நான் யாரு அவருக்கு? கடைக்காரி."

செப்டம்பரில் நான் அவளுக்குத் தெரியாமல் போன் செய்தேன். "எத்தனை பேருக்கு மேசை வேணும்?" என்று அவர் குரலே கேட்டது. சட்டென்று வைத்துவிட்டேன். ஆக, ஆள் உயிரோடு இருக்கிறார். கடையும் திறந்திருக்கிறது. இதை அவளிடம் சொல்லியிருக்கவே கூடாது. சொன்னதும் அவள் முகம் செத்துப்போனது. அவர் செத்துப்போயிருந்தால் அழுதுவிட்டுப் போகலாம். உயிரோடு இருந்துகொண்டு வரவில்லை என்றால் என்ன அர்த்தம்? வேறு ஊர், வேறு சந்தை, வேறு கடைக்காரி என்றுதானே அர்த்தம்.

அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை, சந்தை முடிந்ததும், நானே அவள் வீட்டுக்குப் போய் ஒரு பெட்டியில் நாலு துணியை எடுத்து வைத்தேன். "ஏறு வண்டில. செமூர் போறோம். அந்த ஆள் மூஞ்சியப் பாத்துட்டு வந்துட்டா உனக்கு ஒரு முடிவு தெரியும்" என்றேன். ஒரு வாரத்தில் திரும்பிவிடுவோம், ஒரு புதன்கிழமை கடை போடாவிட்டால் ஊர் மூழ்கிவிடாது என்று சத்தியம் செய்த பிறகுதான் ஏறினாள்.

செமூருக்கு என் முட்டை வேனிலேயே ஆறேழு மணி நேரம்தான். நாங்கள் போய்ச் சேர ஐந்து நாள் ஆயிற்று.

முதலில் எனக்குப் புரியவில்லை. "விடுமுறைன்னு வந்துட்டோம், நாலு ஊர் பாக்கலாமே" என்றாள். சரி, பாவம், இதுவரை எதைப் பார்த்தாள் என்று நானும் வண்டியைத் திருப்பினேன். பூர்ஜ் ஊரில் அவ்வளவு பெரிய தேவாலயம். நான் உள்ளே போய் வண்ணக் கண்ணாடிகளைப் பார்த்து வாய் பிளந்து நின்றேன். திரும்பிப் பார்த்தால் இவளைக் காணோம். வெளியே இரண்டு தெரு தள்ளிச் சந்தைக் கூடத்தில் ஒரு சீஸ் கடைக்காரனிடம் வம்பளந்துகொண்டிருந்தாள். "இதப் போய் ஈரத் துணில சுத்தி வெச்சிருக்கீங்களே, மூச்சு முட்டிச் சாகுது பாருங்க." அவன் இவளை மேலும் கீழும் பார்த்தான். "நீங்க வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா மதாம்?" நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

நெவேரில் ஒரு நாள். ஓத்தனில் ஒன்றரை நாள். ரோமானியர் கட்டிய வாசல் ஒன்று அங்கே நிற்கிறது, அதன் கீழே நின்று அவள் என்னிடம் கேட்டது, "அந்தக் காலத்துலயும் இது வழியாத்தான் சந்தைக்கு வந்திருப்பாங்க, இல்ல?" என்றுதான். ஒவ்வொரு ஊரிலும் ஓர் உணவகத்தில் உட்காருவோம். அவள் சூப்பைத் தொடமாட்டாள், கறியைப் பாதியில் தள்ளிவிடுவாள், சீஸ் தட்டு வரும்வரை விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருப்பாள். தட்டு வந்ததும் ஒரு முகர்வு. "பரவாயில்ல" அல்லது "ரெண்டு நாள் முந்தியே எடுத்துட்டாங்க." அவ்வளவுதான் அவளுடைய சாப்பாடு.

புதன்கிழமை காலை ஓத்தனில், "இன்னும் பக்கத்துல ஏதோ மடம் இருக்காமே, பாத்துட்டுப் போலாமா?" என்றாள். கடவுள் நம்பிக்கையே இல்லாதவள் மடத்தைப் பார்க்க வேண்டும் என்கிறாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உனக்குப் பயமா இருக்கா?"

 கையிலிருந்த ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாள். புறாக்கள் வந்து கூடின.

"ரெஜின், இப்பவரைக்கும் அவர் வரலேங்கறது மட்டும்தான் எனக்குத் தெரியும். அங்க போயிட்டா, ஏன் வரலேங்கறதும் தெரிஞ்சிடும். அப்புறம் எனக்கு அடுத்த ஆகஸ்ட் கிடையாது."

எனக்கு வாயடைத்துப்போனது. எனக்கு வாயடைப்பது எவ்வளவு அபூர்வம் என்பது சார்லாவில் எல்லோருக்கும் தெரியும். மடத்தைப் பார்த்தோம். எனக்கு அது ஒன்றும் நினைவில் இல்லை.

வியாழக்கிழமை மதியம் செமூரில் இறங்கினோம். ஆறு வளைந்து போகும் இடத்தில் இளஞ்சிவப்புப் பாறைமேல் ஊர் உட்கார்ந்திருக்கிறது. நாலு உருண்டைக் கோபுரம், அதில் ஒன்றில் மேலிருந்து கீழே ஒரு விரிசல். உணவகம் பாலத்துக்கு இந்தப் பக்கம். ஒன்பது மேசையில் ஐந்தில் ஆள் இருந்தது. சன்னலோரம் பெரிய மேசையில் ஒரு குடும்பம் யாருடைய பிறந்தநாளையோ கொண்டாடிக்கொண்டிருந்தது. பரிமாறுகிற பெண் செவ்ரினுக்கு நாற்பது வயதிருக்கும், பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களை மூலையில் உட்காரவைத்தாள்.

"முதலாளி இருக்காரா?" என்று நான் ஆரம்பித்தேன். யொலாந்த் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

"உள்ள சமையல்ல இருக்கார் மதாம். தெரிஞ்சவங்களா?"

"இல்ல" என்றாள் யொலாந்த்.

சிவப்பு ஒயின் குழம்பில் வெந்த முட்டை கேட்டேன், அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர் பெற்றது. முட்டை எனக்குத் தொழில் என்பதால் குறை கண்டுபிடிக்கும் ஆசையோடுதான் கரண்டியை வைத்தேன். முட்டை கச்சிதம். மஞ்சள் கரு தேனாக ஓடியது. ஆனால் குழம்பில் ஏதோ ஒன்று குறைந்தது. உப்பா, புளிப்பா, சொல்லத் தெரியவில்லை. பார்த்தால் அழகாக இருக்கிறது, வாயில் வைத்தால் யாரோ போய்விட்ட வீடுபோல இருக்கிறது. யொலாந்தும் ஒரு வாய் வைத்தாள். நெற்றி சுருங்கியது.  அடுத்து வந்த கறியிலும் அதேதான்.

பிறகு செவ்ரின் சீஸ் பலகையைக் கொண்டுவந்தாள். ஏழெட்டு வகை. நடுவில் அந்தச் சீமையின் பெருமை, எப்வாஸ், ஆரஞ்சு நிறத்தில் பளபளவென்று. எங்கள் மேசையில் வைத்துவிட்டு, "இது அப்படித்தான் நாறும், பயந்துடாதீங்க" என்று சிரித்தாள். அடுத்தது அந்தப் பிறந்தநாள் மேசைக்கு என்று கண்ணாலேயே கணக்குப் போட்டாள்.

யொலாந்த் குனியக்கூட இல்லை. அவள் மூக்கு நுனி மட்டும் அசைந்தது. பிறகு அவள் முகத்தில் ரத்தம் சுண்டியதைப் பார்த்தேன்.

"என்னடி?" என்றேன் மெதுவாக.

"அமோனியா" என்றாள். "செத்து நாலு நாள் ஆச்சு. பக்கத்துல இருக்கற ரெண்டும் கூடப் போச்சு. ரெஜின், இத அவர் பலகைல வெச்சிருக்கார். அவர் கையால."

நாற்றத்திலேயே இரண்டு நாற்றம் இருக்கிறது என்பது தொழில் தெரியாதவர்களுக்குப் புரியாது. நல்ல எப்வாஸும் நாறும், கெட்டதும் நாறும். செவ்ரினுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பதினோரு வருஷம் கட்டைவிரலால் அழுத்தாமலே யொலாந்த் கடைச் சீஸின் வயதை நாள் கணக்கில் சொன்ன மனுஷனுக்கு ஒன்றாக இருக்க முடியாது. அந்தக் குழம்பு, அந்தக் கறி, இந்தப் பலகை. எனக்கே மெல்ல மெல்லப் புரிந்தது. அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அந்த ஆளுக்கு மூக்கு போய்விட்டது.

செவ்ரின் பலகையைத் தூக்கிக்கொண்டு சன்னலோர மேசைக்குத் திரும்பினாள். பிறந்தநாள்காரக் கிழவர் ஏற்கெனவே கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

யொலாந்த் எழுந்தாள். கழிப்பறைக்குப் போகிறவளைப்போல இரண்டடி வைத்தாள். தோளால் ஒரே இடி. பலகை கவிழ்ந்து, சீஸெல்லாம் தரையில் உருண்டது. "ஐயையோ! என் கண்ணுல கொள்ளிய வெக்க! பட்டிக்காட்டுக்காரி, நடக்கத் தெரியாத ஜென்மம்!" என்று கூவினாள். கூவிக்கொண்டே பின்வாங்குவதுபோல வாங்கி, எப்வாஸின் நட்டநடுவில் குதிகாலை வைத்து ஒரு திருகு திருகினாள். இனி அதை யாரும் எடுத்துத் துடைத்து வைக்க முடியாது. இருபத்தாறு வருஷத்தில் அவள் கையிலிருந்து ஒரு சீஸ் துணுக்குக் கீழே விழுந்து நான் பார்த்ததில்லை. பிறந்தநாள் மேசை முழுதும் சிரித்தது. கிழவர், "பரவால்ல மதாம், எனக்கும் கால் தடுமாறும்" என்று ஆறுதல் சொன்னார்.

சத்தம் கேட்டு அர்மான் தோளில் துண்டோடு வெளியே வந்தார். இளைத்திருந்தார். முதலில் தரையைப் பார்த்தார். பிறகு நசுங்கின சீஸிலிருந்து செருப்பு, செருப்பிலிருந்து அந்தத் தடித்த மணிக்கட்டு, அதிலிருந்து முகம் என்று கண் மேலே ஏறியது.

"மதாம் யொலாந்த்."

 கீழே குனிந்து சீஸ் பொறுக்குவதுபோல இருவரும் தலையை நெருக்கமாக வைத்துக்கொண்டார்கள். நான் துடைக்கிற சாக்கில் பக்கத்தில் போனேன்.

"அவ்வளவு மோசமா?" என்றார் அவர், எனக்கே கேட்குமோ கேட்காதோ என்கிற குரலில்.

"நாலு நாள் முசியே."

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். "உள்ள வாங்க" என்றார்.

அவள் உள்ளே போனாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் தட்டு நீட்டுகிற சன்னல் ஒன்று உண்டு. அதற்கு நேராக இருந்த நாற்காலிக்கு இடம் மாறி உட்கார்ந்தேன். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆறேழு மணி நேரத்து வழியை ஐந்து நாள் ஓட்டிக்கொண்டு வந்தவளுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா?

"பிப்ரவரில ஒரு காய்ச்சல்" என்று அவர் சொன்னார். "காய்ச்சல் போச்சு, வாசனையும் கூடவே போயிடுச்சு. டாக்டர் வரலாம், வராமலும் இருக்கலாம்கிறார். ஒருத்தர்கிட்டயும் சொல்லல. இந்த ஊருக்குத் தெரிஞ்சா ஒன்பது மேசையும் காலி. கைக்குப் பழக்கம் இருக்கு, கை சமைக்குது. நான் பக்கத்துல நின்னு வேடிக்கை பாக்கறேன்."

"அதனாலயா வரல?"

"உங்க கடை முன்னாடி நின்னா ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவீங்க. வருஷம் பூரா நான் காத்துட்டிருக்கறது அந்த நாலஞ்சு காலைக்குத்தான். எந்த மூஞ்சியோட வந்து நிக்கறது? சமையலுக்காக நான் அழல மதாம். ஆகஸ்ட் வந்தப்போதான் அழுதேன்."

  பிறகு யொலாந்தின் குரல் எழும்பியது. சந்தையில் கையை அடித்த அன்றுகூட அவ்வளவு கோபமாக அவள் பேசிக் கேட்டதில்லை.

"மூக்குதானே போச்சு? கால் இருந்துச்சில்ல? வந்திருக்கலாமே! வந்து நின்னிருக்கலாமே! ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு சீஸ எடுத்து வெச்சுட்டு, வழியப் பாத்துட்டு நான் நின்னேனே. நான் என்ன உங்க மூக்குக்கா எடுத்து வெச்சேன்?"

அதற்கு அவர் என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துச் செவ்ரின் நாலு காப்பி என்று கத்தினாள். அவளைக் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம்போல இருந்தது. மறுபடி கேட்டபோது உள்ளே கரண்டிச் சத்தம்.

"உப்பு" என்றாள் யொலாந்த். "இன்னும். இன்னும் கொஞ்சம். போதும். ஒயின் இன்னும் சுண்டணும், பச்சை வாடை போகல."

"அதுதான் எனக்குத் தெரியல."

"எனக்குத் தெரியுதில்ல. கிண்டுங்க."

அன்று சாயங்காலத்துக்குப் பன்னிரண்டு பேர் முன்கூட்டியே மேசை சொல்லியிருந்தார்கள். அவள் முழங்கைவரை சட்டையை மடித்துக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றாள். எனக்கு இன்னொரு முறை முட்டை வந்தது. இந்தத் தடவை நான் தட்டை ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டேன். செவ்ரின் என் காதருகே குனிந்து, "என்ன மதாம் இன்னைக்கு அடுப்படியில பாட்டெல்லாம் கேக்குது, பிப்ரவரிக்கு அப்புறம் இப்பத்தான்" என்றாள். ஞாயிறு வரையாவது இருந்துவிட்டுப் போக முடியுமா என்று அர்மான் கேட்டாராம், இவள் சரி என்றாளாம். சத்திரத்து அறைக்கு வந்து அதைச் சொன்னபோது அவள் காது நுனிகூடச் சிவந்திருந்தது. ஐம்பத்தொன்பது வயதில்.

"உன் சீஸ நான் பாத்துக்கறேன்டி. தினமும் திருப்பித் திருப்பிப் போடறேன். சனிக்கிழமை உன் கடையவும் சேத்துப் போடறேன்."

"உனக்கு முட்டையவே திருப்பத் தெரியாது" என்றாள். சிரித்துக்கொண்டே தூங்கிப்போனாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நான் கீழே இறங்கி வந்தால், வேனின் முன்சீட்டில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். இருக்கை வார்ப்பட்டைகூட மாட்டியாகிவிட்டது. பின்னால் எட்டிப் பார்த்தேன். முட்டைத் தட்டுகளுக்கு நடுவில் அவள் பெட்டி.

"என்ன இது?"

"வண்டிய எடு ரெஜின். நாளைக்குச் சந்தை."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்னு சொன்னியே."

"அப்புறம்? ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம்? அவருக்கு வாசனை திரும்பி வந்துட்டா? அப்போ நான் எதுக்கு? இங்க எனக்கு யாரத் தெரியும்? எனக்கு ஒரு கடை இருக்கு, ஒரு மேசை இருக்கு. நான் அதுக்குத்தான் லாயக்கு. எடு, எடு. அவர் எழுந்து வர்றதுக்குள்ள போயிடலாம்." அவள் நேரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். மடியில் இரண்டு கையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் வண்டியை எடுக்கத்தான் ஆசையாக இருந்தது. நாளை காலை ஆறு மணிக்கு அவள் என் வலப்பக்கம் இருப்பாள். திட்ட ஆள் இருக்கும். மழை வந்தால் தார்ப்பாயின் அந்த முனையைப் பிடிக்க ஆள் இருக்கும். புருஷன் போய், பிள்ளைகள் போர்தோவுக்குப் போய், எனக்கென்று மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். சாவியைப் போட்டேன். எஞ்சின் கூடக் கிளம்பிவிட்டது.

பிறகு அணைத்தேன். இறங்கிப் பின்பக்கம் போய், பெட்டியைத் தூக்கி, சத்திரத்துக்கு எதிரே இருந்த உணவக வாசலில், படிக்குப் பக்கத்தில் வைத்தேன். திரும்பி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

"இறங்கு."

"ரெஜின்..."

"இறங்குடி. வாசனை திரும்பி வந்தா வரட்டும். அந்த மனுஷன் ஆகஸ்ட்ல அழுதிருக்கான். அத நானும் கேட்டேன், நீயும் கேட்ட. அத விட்டுட்டு என் கூட வந்து நின்னேன்னா சாகுற வரைக்கும் உன் மூஞ்சியப் பாக்க என்னால முடியாது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. வார்ப்பட்டையை அவிழ்க்க அவளுக்கு நாலு தரம் ஆயிற்று. இறங்கியவள் என்னைக் கட்டிக்கொண்டாள். இருபத்தாறு வருஷத்தில் நாங்கள் கன்னத்தில் முத்தம் வைத்துக்கொள்வதோடு சரி, அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. அவள் தலைமுடியில் ஒயின் குழம்பு மணத்தது.

பாலத்தின்மேல் போகும்போது கண்ணாடியில் பார்த்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், கதவைத் தட்டத் தோன்றாமல். கதவு தானாகத் திறந்தது. அவர் பெட்டியை எடுக்கவில்லை. அவள் கையைத்தான் பிடித்தார். அதற்கு மேல் பாதை திரும்பிவிட்டது. அடுத்த ஊர் அவாலோன் வரை அழுதுகொண்டே ஓட்டினேன்.